மார்கழிக்கு ஏன் 29 நாள்?

மார்கழி 19

விடியற்காலை ஐந்தரை மணி. மொட்டை மாடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறேன். கைப்பிடிச் சுவரெல்லாம் பனி ஈரம். கீழே தெருவில் கோலம் போடுகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்கிறது. ஆண்டிலேயே பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்திருக்கும் நாள் இது. இன்னும் ஒரு மணி நேரத்தில் எழப்போகும் சூரியன் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனி மாதத்தில் அந்தத் தொலைவு 15 கோடியே 21 லட்சம் ஆகிவிடும். வேறுபாடு 50 லட்சம் கிலோமீட்டர். நிலவுக்குப் போய்த் திரும்பும் வழியைப் போல ஆறரை மடங்கு.

சூரியனிலிருந்து ஒளி நம்மிடம் வந்துசேர 8 நிமிடம் 19 நொடி என்று பள்ளியில் படித்தோம். அது சராசரி. இன்று 8 நிமிடம் 11 நொடி. ஆனியில் 8 நிமிடம் 27 நொடி.

அருகில் இருக்கும் இடத்துக்கு அண்மைப்புள்ளி என்றும் தள்ளி இருக்கும் இடத்துக்குச் சேய்மைப்புள்ளி என்றும் பாடநூலில் பெயர். அண்மை, சேய்மை இரண்டும் இலக்கண வகுப்பில் ‘இவன்’, ‘அவன்’ சுட்டுக்குச் சொல்லித்தந்த சொற்கள். வானத்துக்கும் அவையே பொருந்திவிட்டது எனக்கு நிறைவாக இருக்கிறது.

*

மார்கழி 20

தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். மார்கழிக்கு 29 நாள். போன ஆனிக்கு 32. சின்ன வயதிலிருந்து பார்த்துவந்த எண்கள்தான். ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை.

பிப்ரவரிக்கு 28 நாள் வந்ததற்கு வானத்தில் காரணம் எதுவும் இல்லை. அது ரோமானியர்கள் வைத்த வழக்கம். தமிழ் மாதம் அப்படிப்பட்டதில்லை. சூரியன் ஒரு ராசிக்குள் நுழைந்து அதைக் கடக்க எத்தனை நாள் ஆகிறதோ, அதுதான் மாதம். பன்னிரண்டு ராசிக்கும் தலைக்கு 30 பாகை, எல்லாம் சமம். சூரியன் ஒரே வேகத்தில் போனால் எல்லா மாதமும் 30 நாள் 26 நாழிகை அளவில் ஒன்றுபோல் இருந்திருக்கும். பஞ்சாங்கக்காரர்கள் கைக்கொண்டுவரும் கணக்கு வேறு சொல்கிறது. ஆனி 31 நாள் 36 நாழிகை 38 விநாடி. மார்கழி 29 நாள் 20 நாழிகை 53 விநாடி. ஒரு நாழிகை 24 நிமிடம், பழைய விநாடி ஒன்று 24 நொடி. ஆக, ஆனிக்கும் மார்கழிக்கும் நடுவே இரண்டே கால் நாள் வேறுபாடு. இன்றைய கருவிகளின் கணக்கில் அது இரண்டு நாளை ஒட்டி வரும். தொலைநோக்கி இல்லாமல் எட்டிய எண் இது என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

பூமி சூரியனுக்கு அருகில் இருக்கும்போது விரைந்து ஓடுகிறது: நொடிக்கு 30.29 கிலோமீட்டர். தள்ளி இருக்கும்போது 29.29. நம் ஓட்டம்தான் சூரியனின் ஓட்டமாக வானில் தெரிகிறது. மார்கழியில் தனுசு ராசியைச் சூரியன் சீக்கிரம் கடந்துவிடுகிறது. ஆனியில் மிதுனத்தை மெதுவாகக் கடக்கிறது.

பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு: மந்தோச்சம். சூரியன் மிகவும் மந்தமாக நகரும் உச்சப்புள்ளி. அதை மிதுன ராசியில், 77 பாகையை ஒட்டி, வைத்திருக்கிறார்கள். இன்றைய கணக்கில் சேய்மைப்புள்ளி ஏறக்குறைய 79 பாகையில். பூமி நடுவில் நிற்கிறது, சூரியன் சுற்றுகிறது என்று எண்ணிய காலத்தில், சூரியனை அடிநூல் வைத்து அளக்க வழி இல்லாத காலத்தில், அது எந்தத் திசையில் நம்மைவிட்டு அதிகம் விலகியிருக்கிறது என்பதை நாட்களை எண்ணியே கண்டிருக்கிறார்கள்.

நான் இந்தக் குறிப்பேட்டில் பிடித்துவைக்க விரும்புவது இதைத்தான். சூரியன் அருகே வருவதும் விலகுவதும் நம் தோலுக்குத் தெரிவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. நாட்கணக்கில்தான் தெரிகிறது.

*

மேற்கிலும் அதே வழிதான். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் வசந்தகாலம் 94½ நாள், கோடைகாலம் 92½ நாள் என்று எண்ணினார். நான்கு பருவமும் சமமாக இல்லையே என்று பார்த்து, பூமியைச் சூரியனின் வட்டத்துக்கு நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வைத்தார். நடுவிலிருந்து ஒதுங்கி இருப்பது என்ற கருத்து, நீள்வட்டம் வருவதற்கு ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

இன்றைய எண்: மார்ச் சமநாளிலிருந்து செப்டம்பர் சமநாள் வரை 186 நாளுக்குச் சற்று மேல். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை 179-க்குச் சற்றுக் குறைவு. வடக்கே இருக்கிற நமக்கு வெயில் பாதி ஏழரை நாள் கூடுதல்.

*

தை 2

2010 ஜனவரி 15-ஐ நினைத்துக்கொள்கிறேன். பொங்கலை ஒட்டி வந்த கங்கண சூரிய கிரகணம். தனுஷ்கோடியிலும் கன்னியாகுமரியிலும் உச்சிப்பொழுது தாண்டியதும் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. தனுஷ்கோடிப் பக்கம் வளையம் ஏறக்குறைய பத்து நிமிடம் நீடித்தது. இந்தியப் பெருங்கடலில், அது உச்சம் தொட்ட இடத்தில், 11 நிமிடம் 8 நொடி. இந்த ஆயிரத்தாண்டிலேயே நீண்ட கங்கண கிரகணம் அது.

ஏன் அவ்வளவு நீளம்? பூமி அண்மைப்புள்ளியைக் கடந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எனவே சூரியன் பெரிதாகத் தெரிந்தது. நிலவோ தன் பாதையில் பூமிக்குத் தொலைவான இடத்தை இரண்டு நாளில் தொட இருந்தது. எனவே சிறுத்துத் தெரிந்தது. பெரிய சூரியனைச் சிறிய நிலவு மறைக்க முடியவில்லை. விளிம்பு வளையமாக மிஞ்சியது.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 2009 ஜூலை 22. சூரத், வாரணாசி, பாட்னா வழியாகச் சீனாவுக்குப் போன முழுச் சூரிய கிரகணம். உச்சத்தில் 6 நிமிடம் 39 நொடி இருட்டு. இந்த நூற்றாண்டின் நீண்ட முழுக் கிரகணம். அன்று எல்லாம் நேர்மாறு: பூமி சேய்மைப்புள்ளியை ஒட்டி இருந்ததால் சூரியன் சிறியது, நிலவு முந்தின நாள்தான் பூமிக்கு மிக அருகில் வந்திருந்ததால் பெரியது.

அரையாண்டு இடைவெளியில் இரண்டு சாதனைகள், ஒரே காரணத்தின் இரண்டு முனைகள். அந்த நாட்களில் செய்தித்தாள்கள் நிறைய எழுதின, எங்கே நின்று பார்க்கலாம், எந்தக் கண்ணாடி வேண்டும் என்று. ஜூலை கிரகணம் ஏன் இருட்டாகவும் ஜனவரி கிரகணம் ஏன் வளையமாகவும் வந்தன என்று இரண்டையும் சேர்த்து வைத்து யாராவது நாலு வரி எழுதியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

1991 ஜூலை 11 கிரகணம் 6 நிமிடம் 53 நொடி. 1955 ஜூன் 20-இல் இலங்கை வழியாகக் கிழக்கே போனது 7 நிமிடம் 8 நொடி. வரப்போகும் 2186 ஜூலை 16 கிரகணம் 7 நிமிடம் 29 நொடி. நீண்ட இருட்டுகள் ஆனி, ஆடியை ஒட்டியே வருகின்றன.

*

நீள்வட்டம் வரையச் சொல்லித்தரும் முறை: இரண்டு ஆணி, ஒரு நூல் வளையம், ஒரு பென்சில். ஆணி இரண்டும் குவியங்கள். ஒன்றில் சூரியன், மற்றொன்றில் எதுவும் இல்லை.

பாடநூல் படங்களின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பூமியின் பாதையைக் கோழிமுட்டை போல நீட்டிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தைத் தரையில் வரைந்து அதைப் பூமியின் உண்மையான பாதையாக மாற்ற வேண்டுமென்றால், இரண்டு மீட்டர் விட்டத்தை ஒரு பக்கம் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நசுக்கினால் போதும். சாக்பீஸ் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அது மறைந்துவிடும். ஆனால் சூரியனை நடுவிலிருந்து 1.67 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அது பளிச்சென்று தெரியும்.

பாதை கண்ணுக்கு வட்டமாகவே இருக்கிறது, சூரியன்தான் நடுவில் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்தால், பூமி ஜனவரியில் சூரியனை உரசிவிட்டுப் போவதுபோல் எத்தனையோ பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த 1.67 சென்டிமீட்டர், ஒரு மீட்டருக்கு என்ன பங்கோ அதுதான் மையத்தொலைத்தகவு: 0.0167. வெள்ளிக்கு 0.0068. செவ்வாய்க்கு 0.093. புதனுக்கு 0.206.

*

பூமியை மட்டும் வைத்துக்கொண்டு நீள்வட்டத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது அந்தக் கால் மில்லிமீட்டரிலிருந்தே விளங்கும். கெப்ளருக்குச் செவ்வாய் கிடைத்தது.

1600-இல் பிராகா நகரத்துக்கு டைக்கோ பிராகேயிடம் உதவியாளராக வந்தார். டைக்கோ வெறுங்கண்ணால், பெரிய கோணமானிகளை வைத்து, இருபது ஆண்டுக்கு மேலாகக் கோள்களை அளந்து எழுதிவைத்தவர். செவ்வாய்க் கணக்கு யாருக்கும் வசப்படவில்லை. எட்டு நாளில் முடித்துவிடுகிறேன் என்றார் கெப்ளர். ஐந்தாண்டு பிடித்தது. கெப்ளர் வந்த மறு ஆண்டே டைக்கோ இறந்துபோனார். ஏடுகள் கெப்ளர் கைக்கு வந்தன.

முதலில் வட்டத்தையே வைத்துச் சூரியனை ஒதுக்கி ஒரு கணக்குப் போட்டார். அருமையாக வந்தது. பிறகு இன்னும் சில அளவுகளோடு ஒப்பிட்டபோது 8 கலை பிசகியது. ஒரு பாகையில் 60 கலை. முழுநிலவின் அகலம் 31 கலை. அதில் கால்பங்கு. வேறு யாராயிருந்தாலும் டைக்கோவின் கை நடுங்கியிருக்கும் என்று விட்டிருப்பார்கள். டைக்கோ அப்படித் தவறுகிறவர் இல்லை என்று கெப்ளருக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் உழைத்த கணக்கைத் தூக்கிப் போட்டார். இன்னொருவர் அளந்த அளவின் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை அது. அறிவியல் வரலாற்றில் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அதுதான்.

நீள்வட்டம் பின்னால்தான் வந்தது. முதலில் கிடைத்தது வேகத்தின் விதி. சூரியனிலிருந்து கோளுக்கு ஒரு கயிறு கட்டியதாக வைத்துக்கொண்டால், அந்தக் கயிறு சம நேரத்தில் சம பரப்பைத் துழாவும். கயிறு நீளமாக இருக்கும்போது கோள் மெல்ல நகரும். குட்டையாக இருக்கும்போது விரையும். 1609-இல் ‘புதிய வானியல்’ நூலில் இரண்டு விதிகளும் வந்தன. மார்கழிக்கு 29 நாள், ஆனிக்கு 32 நாள் என்பது இந்தப் பரப்பு விதியேதான், காலண்டரில் எழுதியபடி.

ஏன் அப்படி என்பதற்கு நியூட்டன் வர வேண்டியிருந்தது. மேலே எறிந்த கல் ஏற ஏற வேகம் குறைகிறது, இறங்க இறங்கக் கூடுகிறது. சூரியனிடமிருந்து விலகுவது மேலே ஏறுவது. நெருங்குவது கீழே விழுவது. ஜூலையிலிருந்து ஜனவரி வரை பூமி சூரியனை நோக்கி விழுந்துகொண்டேதான் வருகிறது. ஆனால் அண்மைப்புள்ளிக்கு வரும்போது அதன் வேகம் உச்சத்தில் இருப்பதால் சூரியனில் விழாமல் பக்கவாட்டில் கடந்துபோய் மறுபடி ஏறத் தொடங்குகிறது.

*

செவ்வாயைப் பற்றி இன்னும் கொஞ்சம். சூரியனிடமிருந்து அதன் தொலைவு 20 கோடியே 67 லட்சத்துக்கும் 24 கோடியே 92 லட்சம் கிலோமீட்டருக்கும் இடையே ஆடுகிறது. அருகில் இருக்கும்போது 45 விழுக்காடு கூடுதல் வெயில். நமக்கு 7 விழுக்காடுதான். அந்த வெயிலில் செவ்வாயின் தென்பாதி சூடேறி, தூசு கிளம்பி, சில ஆண்டுகளில் கோள் முழுவதையும் மூடிவிடும். 1971 நவம்பரில் மாரினர்-9 விண்கலம் போய்ச் சேர்ந்தபோது தரையே தெரியவில்லை. தூசு அடங்கக் காத்திருந்து படம் எடுத்தது. 2018 ஜூனில் வந்த புயல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தியின் சூரியத் தகடுகளை இருட்டாக்கியது. ஜூன் 10-க்குப் பிறகு அதனிடமிருந்து சேதி வரவில்லை.

செவ்வாய் சூரியனுக்கு அருகில் இருக்கும் சமயம் பூமியும் அதே பக்கம் வந்தால் நமக்குக் கொள்ளைக் காட்சி. 2003 ஆகஸ்டில் 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர் வரை வந்தது. 2012-இல் நேர் எதிரே வந்தபோதுகூட 10 கோடிக்கு மேல். அப்படி நெருங்கி வந்த 1877 ஆகஸ்டில்தான் ஆசாப் ஹால் வாஷிங்டனிலிருந்து செவ்வாயின் இரண்டு நிலவுகளையும் கண்டார்.

*

மாசி

மாலையில் மேற்கே, அடிவானத்துக்குச் சற்று மேல், புதன். வேப்பமரத்தின் கிளைக்கு நடுவே பத்து நிமிடம் பார்க்க முடிந்தது.

எட்டுக் கோள்களில் மிகவும் ஒதுங்கிய பாதை இதற்குத்தான். 4 கோடியே 60 லட்சம் கிலோமீட்டரிலிருந்து 6 கோடியே 98 லட்சம் வரை. 88 நாளில் ஒரு சுற்று. தன்னைத்தானே சுற்ற 59 நாள். இரண்டு முறை சூரியனைச் சுற்றுவதற்குள் மூன்று முறை தன்னைச் சுற்றிவிடும். அங்கே ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரை நம் கணக்கில் 176 நாள்.

புதனின் தரையில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்கிறேன். சூரியன் மெல்ல மேலே ஏறுகிறது, ஏற ஏறப் பெருக்கிறது. உச்சிக்கு வரும்போது நம் சூரியனைப் போல மூன்று மடங்குக்கு மேல் அகலம். அங்கே வந்து நின்றுவிடுகிறது. பிறகு பின்னால் நகர்கிறது. நம் கணக்கில் எட்டு நாள்போலப் பின்வாங்கி, மறுபடி நின்று, பழைய திசையில் போகிறது. அண்மைப்புள்ளியில் புதனின் ஓட்டம் நொடிக்கு 59 கிலோமீட்டர். அந்தச் சில நாட்கள் அது சூரியனைச் சுற்றும் வேகம் தன்னைச் சுற்றும் வேகத்தை முந்திவிடுகிறது. அதனால்தான் இந்தத் திரும்பல். இன்னும் சில இடங்களில் சூரியன் உதித்து, அப்படியே இறங்கி மறைந்து, மறுபடி உதிக்கும். ஒரே காலையில் இரண்டு உதயம்.

உச்சியில் சூரியன் இப்படித் தயங்கி நிற்கும் இடம் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பகுதிகளே. அவற்றில் ஒன்றின் அருகே 1,550 கிலோமீட்டர் அகலப் பெரும்பள்ளம் இருக்கிறது. பெயர் கலோரிஸ், லத்தீனில் வெப்பம் என்று பொருள்.

*

புதனின் அண்மைப்புள்ளி ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் சற்று முன்னால் நகர்கிறது. நீள்வட்டமே மெல்லத் திரும்புகிறது. மற்றக் கோள்களின் இழுப்பைக் கணக்கிட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். 1859-இல் லெவெரியே கண்டது, கொஞ்சம் மிஞ்சுகிறது. பிற்காலத் திருத்தப்படி நூறு ஆண்டுக்கு 43 விகலை. ஒரு கலையில் 60 விகலை. முழுநிலவின் அகலம் அளவு நகர 43 நூற்றாண்டு பிடிக்கும் வேகம்.

நெப்டியூனைக் கணக்காலேயே கண்டவர் லெவெரியே. இங்கும் அதே வழியில் போனார்: புதனுக்கும் உள்ளே ஒரு கோள் இருக்க வேண்டும். வல்கன் என்று பெயரும் வந்தது. கிரகண நாட்களில் தேடித்தேடிப் பார்த்தார்கள். அப்படி ஒரு கோள் இல்லை. 1915 நவம்பர் 18 அன்று பெர்லினில் ஐன்ஸ்டைன் தம் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டிலிருந்து நேராக 43 விகலையை எடுத்துக் காட்டினார். கெப்ளருக்கு 8 கலை. ஐன்ஸ்டைனுக்கு 43 விகலை.

*

சித்திரை 1

மாங்காய்ப் பச்சடி. காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்துகிறது. எதிர்வீட்டுப் பெண், ஏழாம் வகுப்பு, தட்டோடு வந்தவள் கேட்டாள்: “மாமா, சூரியன் இப்ப ரொம்பக் கிட்ட வந்துடுச்சா?”

இல்லை அம்மா, இன்று நாம் விலகிக்கொண்டிருக்கிறோம் என்றேன். நம்பவில்லை. கணக்கைப் போட்டுக் காட்டினேன். அண்மைக்கும் சேய்மைக்கும் நடுவே இருக்கும் இந்த நாட்களில்தான் விலகும் வேகம் உச்சத்தில் இருக்கிறது. நொடிக்கு அரை கிலோமீட்டர். இன்று விடிந்ததிலிருந்து நாளை விடிவதற்குள் ஏறக்குறைய 42,000 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்போம். பூமியை ஒரு சுற்றுச் சுற்றும் தூரத்துக்கு மேல்.

“அப்புறம் ஏன் மாமா இப்படிச் சுடுது?”

1987-இல் வந்த ‘எ பிரைவேட் யுனிவர்ஸ்’ ஆவணப்படத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில், அங்கியோடு நிற்பவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்று உறுதியான குரலில் பதில் சொல்வார்கள். எனவே அந்தப் பிள்ளை கேட்டதில் தவறே இல்லை. அடுப்பின் அருகே போனால் சுடும் என்ற அனுபவத்திலிருந்து வரும் எண்ணம் அது, எளிதில் போகாது.

பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருக்கிறது. சென்னையில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 36 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். சாய்ந்த வெயில் தரையில் பரவி விழுவதால் 20 விழுக்காடு குறைகிறது. பகலும் ஜூனைவிட ஒன்றரை மணி நேரம் குறைவு. அருகில் வந்ததால் கிடைத்த 7 விழுக்காடு இதில் கரைந்துபோகிறது. ஏப்ரல் 24 வாக்கில் சென்னைக்குச் சூரியன் நேர் உச்சி. மழைமேகமும் இன்னும் வரவில்லை. சுடாமல் என்ன செய்யும்?

தென்பாதி உலகத்துக்குக் கோடையும் அண்மையும் சேர்ந்தே வருகின்றன. ஆனாலும் அங்கே கடல் அதிகம். கடல் மெல்லத்தான் சூடேறும். பூமி முழுவதையும் சராசரி பார்த்தால், சூரியனுக்குத் தொலைவில் இருக்கும் ஜூலையில்தான் வெப்பம் அதிகம். வடபாதியின் பெருநிலம் அப்போது வெயிலை வாங்குகிறது.

*

கத்திரி வெயில். மின்வெட்டு. விசிறி மட்டை.

அண்மைப்புள்ளி எப்போதும் ஜனவரியில்தான் வருமா என்ற கேள்வி இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. வராது. ஆங்கில நாள்காட்டியில் 58 ஆண்டுக்கு ஒரு நாள் என்று அது நகர்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் டிசம்பர் கதிர்த்திருப்பத்தோடு ஒன்றாக இருந்தது. ஏறக்குறைய 21,000 ஆண்டில் முழுச் சுற்று வந்துவிடும்.

நம் மாதக் கணக்கில் அப்படி இல்லை. அது நட்சத்திரங்களை வைத்து ஓடும் கணக்கு. அதில் 300 ஆண்டுக்கு ஒரு நாள்தான் நகர்வு. ஒரு மாதத்தைக் கடக்கவே ஒன்பதாயிரம் ஆண்டு ஆகும். சூரிய சித்தாந்தக்காரர்கள் கண்ட மந்தோச்சம் இன்றும் ஆனியிலேயே இருப்பதற்கு இதுதான் காரணம். பருவத்தோடு சேர்ந்து நகரும் ஆங்கில ஆண்டு உழவுக்கு நல்லது. பூமியின் பாதையை நினைவு வைத்துக்கொள்ள நம்முடையது நல்லது.

பதினோராயிரம் ஆண்டுக்கு முன்பு அண்மைப்புள்ளி வடபாதியின் கோடையில் வந்தது. அந்தக் கோடை வெயில் இன்றைவிட 7, 8 விழுக்காடு கூடுதல். நிலம் அதிகம் சூடேறியதால் பருவக்காற்று வலுத்தது. சஹாரா அன்று பச்சை நிலம். ஏரிகள் இருந்தன, நீர்யானைகள் இருந்தன. அல்ஜீரியாவின் தசிலி மலையில் பாறை ஓவியங்களில் மாட்டு மந்தைகளைப் பார்க்கலாம். பூமி சூரியனுக்கு அருகில் வரும் நாள் ஆறு மாதம் தள்ளிப்போனது. ஒரு பெருநிலமே பாலையாயிற்று.

இந்தக் கணக்குகளைக் கையால் போட்டவர் செர்பியர் மிலான்கோவிச். 1914-இல் போர் தொடங்கியதும் சிறைப்பட்டார். பிறகு புடாபெஸ்டில் தங்க அனுமதி கிடைத்து, ஹங்கேரிய அறிவியல் கழக நூலகத்தில் உட்கார்ந்து தொடர்ந்தார். பூமியின் மையத்தொலைத்தகவு லட்சம் ஆண்டு அளவில் ஏறி இறங்குகிறது. ஏறக்குறைய சுழியிலிருந்து 0.06 வரை. அதோடு அச்சின் சாய்வும் தலையாட்டமும் சேர்ந்து பனியூழிகளை நடத்துகின்றன என்றார். அவர் 1958-இல் இறந்தார். 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் தெற்கு இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து எடுத்த சேற்றுத் தூண்களில் அவர் சொன்ன தாளங்களைக் கண்டார்கள். அதைப் பார்க்க அவர் இல்லையே என்று எண்ணும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

*

சூரியனை ஆராயப் போன நம் விண்கலம் ஆதித்யா எல்-1, 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அதன் திட்ட இயக்குநராக இருந்தார். நாலு மாதப் பயணத்தில் பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர். அதே நாலு மாதத்தில் பூமியும் சூரியனை நோக்கி வந்துகொண்டுதான் இருந்தது; ஜூலையிலிருந்து எண்ணினால் 50 லட்சம்.

*

பள்ளியில் தேர்வுத்தாளில் கடைசிக் கோள் புளூட்டோ என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். 1979 பிப்ரவரியிலிருந்து 1999 பிப்ரவரி வரை புளூட்டோ நெப்டியூனின் பாதைக்கு உள்ளே இருந்தது. அந்த ஆண்டுகளில் தொலைவான கோள் நெப்டியூன்தான். 1989 செப்டம்பரில் சூரியனை நெருங்கிய புளூட்டோ இப்போது விலகிக்கொண்டிருக்கிறது. 2114-இல் சேய்மைப்புள்ளி.

ஹாலி வால்நட்சத்திரம் திரும்பிவிட்டது. 1986 பிப்ரவரி 9-இல் சூரியனை நெருங்கியபோது நொடிக்கு 54 கிலோமீட்டர் ஓடியது. 2023 டிசம்பர் 9-இல், நெப்டியூனுக்கும் அப்பால், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக ஊர்ந்து, வளைந்து, இந்தப் பக்கம் வரத் தொடங்கிவிட்டது. 2061-இல் வரும்.

*

ஆனி 21

சேய்மைப்புள்ளி. 15 கோடியே 21 லட்சம்.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஓட்டு இடுக்கு வழியே தரையில் காசுகாசாய் விழும் ஒளிவட்டம். இடுக்கு எந்த வடிவமானாலும் கீழே விழுவது வட்டம்தான். அது சூரியனின் படம். சூரியன் தொலைவானால் படமும் சிறுக்கும். மூன்று மீட்டர் உயரக் கூரையில் வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. தூரம் கூடினால் வரும்.

பள்ளி ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிறு கண்ணாடியைக் காகிதத்தால் மூடி நடுவில் ஐந்து மில்லிமீட்டர் துளை போடுங்கள். வெளியே வைத்து, வெயிலை இருட்டறைச் சுவருக்குத் திருப்புங்கள். துளைக்கும் சுவருக்கும் சரியாகப் பத்து மீட்டர் இருக்கட்டும். ஒளி சுவரில் நேராக விழட்டும். விழும் வட்டத்தைப் பிள்ளைகளே பென்சிலால் வரைந்து அளக்கட்டும். சூரியனையோ கண்ணாடியையோ யாரும் நேராகப் பார்க்க வேண்டாம். ஆனி 20-ஐ ஒட்டி மேகம் விலகிய ஒரு நாளில் ஒருமுறை, மார்கழி 20-ஐ ஒட்டி ஒருமுறை. அதே துளை, அதே தூரம். ஆனி வட்டத்தைவிட மார்கழி வட்டம் 3 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும்.